எண்டர் கிராணியும் இல்லாத டிவிசனும்

பெயருக்கும் கூச்சம் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர், சிலாங்கூர் முழுக்கத் தேடினாலும், எங்கள் எண்டர் கிராணிதான்.

எண்பதுகளின் கடைசி. புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீஸில் நான் டைப்பிஸ்ட், அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களின் பெயரையெல்லாம் பிளாப்பி டிஸ்கிலிருந்து புதுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது அவர் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடிப்பார். எண்டர் பொத்தானை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொடுவார். பிறகு ஜன்னலோரம் போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

"உள்ள போயிட்டிருக்காங்க. மெதுவா நடங்க லா."

காற்றில் பெயர் கலைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்துவார். நாங்கள் வேர்வையில் உருகிக்கொண்டிருக்க, அவர் முகத்தில் மட்டும் கடற்காற்று வாங்குகிற சுகம். ஒருநாள் தோட்டத்து மேனேஜர் துரையே வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒரு மத்தியானம் தோட்டத்தில் புல் வெட்டும் பச்சையம்மாள் அக்காவின் பெயரை மட்டும் கம்ப்யூட்டர் வெளியே தள்ளிவிட்டது. அதற்கு முதலில் டிவிசன், அதாவது தோட்டத்தின் பிரிவு, வேண்டும்; அதன் கீழேதான் ஆள். அக்காவின் டிவிசனையோ மூடிவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டாயிற்று. எல்லாரும் கிளம்பிய பிறகும் மிச்சமிருந்த ஒரு லயத்து வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். பெயர் ஏறாதவர்களுக்குப் புது வீடு கிடையாது என்று ஹெட் ஆபீஸ் சொல்லியிருந்தது.

சேதி கேட்டு, அக்கா புல் வெட்டிய கத்தியோடு வந்து நின்றார். "நான் செத்துட்டேன்னு சொல்லுதாய்யா அது?"

"இல்லக்கா. உள்ள எடம் தெரியாம வாசல்லயே நிக்கிறீங்க. ஒங்க டிவிசன் எப்படி இருக்கும், சொல்லுங்க."

கோயில் பக்கத்து ரம்புத்தான் மரம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர், ஆயாக்கொட்டகையில் விட்டுப்போன பிள்ளைகளின் அழுகை என்று அக்கா சொல்லச் சொல்ல, கிராணி கனவு காண்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தேவையே இல்லை, பெயர் ஒன்றே போதும். முதலில் டிவிசனை அடித்தார். அதன் கீழே அக்காவை அடித்தார். அன்று மட்டும் ஜன்னலுக்குப் போகவில்லை. கண் இமைக்காமல் திரையையே பார்த்தார். பெயர் ஏறிவிட்டது.

மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து போன். அந்த டிவிசன் மேப்பிலேயே இல்லையே என்று கேட்டார்கள்.

"இருக்கு சார்," என்றார் கிராணி. "ஒரு ஆளு இருக்காங்க லா."

அக்காவுக்கு வீடு கிடைத்தது.

கிராணி கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனதும் வேறொருவர் வந்தார். கெட்டிக்காரர், ஒரு தப்பு வராது; மின்விசிறியை நிறுத்தவும் மாட்டார். அடுத்த மாதமே நான் டவுனில் வேறு வேலை தேடிக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம், பஸ் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.