குறைதீர் தொட்டி

ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, அவர் வாயைப் பொத்தாமல், மிரட்டாமல், ஒரு சுடுசொல்கூடச் சொல்லாமல், அவருடைய பேச்சை மட்டும் இல்லாமல் ஆக்கிவிடும் அரிய கலைக்காக மனித குலம் காலம் காலமாகத் தட்டுத் தடுமாறி வந்திருக்கிறது. அந்தக் கலை தன் உச்சத்தைத் தொட்டது ஒரு சலவை இயந்திரக் கம்பெனியின் நாலாவது மாடியில், கழிப்பறைக் கதவுக்கு அடுத்தாற்போல இருக்கும் ஒரு சின்ன அறையில் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த அறைக்கு உரியவர் கம்பெனியின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர். எல்லோரும் அவரைக் 'கட்டளை' என்று கூப்பிடுவார்கள். அவர் செய்த சாதனைக்கு அது போதாது. நாம் கட்டளையார் என்றே சொல்வோம்.

மவுஸைப் பிடித்து நகர்த்தி ஒலியைக் கூட்டிக் குறைப்பது பாமரர் வேலை என்பது கட்டளையாரின் கொள்கை. கறுப்புத் திரையைத் திறப்பார், வெள்ளை எழுத்தில் ஒரு வரி தட்டுவார், எண்டர் விசையை அழுத்துவார். சத்தம் கைகட்டி வாய்பொத்தி நிற்கும். வீட்டிலும் இதே ஆசாரம்தான். பாட்டைக் கொஞ்சம் குறையுங்களேன் என்று மனைவி அடுப்படியிலிருந்து சொன்னால், ஒலிபெருக்கியின் நெற்றியிலேயே இருக்கும் திருகை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். உள்ளறைக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, பிறகு சரியாகப் போட்டு, வரியைத் தட்டி முடிப்பதற்குள் பாட்டு தானாகவே முடிந்திருக்கும். சத்தம் குறைந்ததா இல்லையா என்று கேட்பார். குறைந்தது என்பதை மனைவியால் மறுக்க முடியாது.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் 'சவுண்டு சர்வர்' என்று ஒருவர் இருப்பதாக ஊழியர் கூட்டத்தில் அவர் ஒரு தடவை விளக்கினார். சவுண்டு விடுகிற சர்வர் கீழே கேன்டீனில் ஏற்கெனவே இருக்கிறாரே என்றார் கணக்காளர். கட்டளையார் கோபித்துக்கொள்ளவில்லை. வேலை ஒன்றுதான், எந்தச் சத்தத்தை எந்த மேசைக்குக் கொண்டுபோய் வைப்பது என்பதை இவர் பார்த்துக்கொள்வார், ஆர்டர் கொடுப்பது மட்டும் நான் என்றார். சத்தம் கடைசியில் போய் விழுகிற இடம் ஒலிபெருக்கியோ ஹெட்போனோ எதுவானாலும், அதற்குத் தொழில்முறைப் பெயர் 'சிங்க்'. பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் விழுகிற அதே சிங்க்தான். இங்கே விழுவது சத்தம். அவர் ஒருநாள் வீட்டில் இருந்தபடி போனில் யாரிடமோ "ரெண்டு சிங்க்கும் ஓடுது, ஓடட்டும்" என்று சொல்ல, மனைவி பதறியடித்து அடுப்படிக்கு ஓடியது தனிக்கதை.

அந்த மனைவியும் அதே கம்பெனியில்தான், இரண்டாவது மாடித் தொலைபேசிப் பிரிவில். இயந்திரம் துணியோடு சேர்ந்து தானும் ஆடுகிறது, நுரை படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது என்று கூப்பிட்டுக் கத்துகிறவர்களுக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பதில் சொல்வது அவள் வேலை.

இந்த இடத்தில் வம்பு ஆரம்பித்தது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. முன்னேற்றம் ஆரம்பித்தது என்றே சொல்லிவைப்போம். ஒலியை நூறு சதவீதத்துக்கு மேலே கொண்டுபோக முடியுமா என்று மேலாளர் கேட்டார். கட்டளையாருக்குப் பெருமை தாங்கவில்லை. மவுஸ்காரர்களுக்கு நூறோடு சரி, நம் வழியில் வந்தால் நூற்றைம்பதுகூடப் போகலாம் என்று உளறிக்கொட்டிவிட்டார். வாடிக்கையாளரை ஒன்றரை மடங்கு கேட்டால் சேவையும் ஒன்றரை மடங்கு ஆகும் என்று மேலாளர் கணக்குப் போட்டார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "தொலைபேசிப் பிரிவினரின் செவிப்பொறி ஒலியளவு இனி 'கட்டளை வரி' மூலம் நூற்றைம்பது விழுக்காடாக நிலைநிறுத்தப்படும். ஊழியர் எவரும் அதனைத் தாமாகக் குறைக்க இயலாது."

பிரிவே கொதித்தது. கடைசியில் சத்தத்துக்கும் வரி போட்டுவிட்டார்களே என்று ஒரே புலம்பல். இந்த வரியைச் சம்பளத்தில் பிடிப்பதா, கத்துகிற வாடிக்கையாளரிடமே வசூலிப்பதா என்று கணக்காளர் விளக்கம் கேட்டு வந்தார். வரி என்றால் எழுதுகிற வரி, திரையில் கட்டளை தட்டுகிற வரி என்று கட்டளையார் மாடி மாடியாகப் போய்ச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. அந்த நிம்மதியில் நூற்றைம்பதைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்கள்.

காது மறக்கவில்லை. மனைவி சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே காதைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். முதலில் தலைவலி என்றாள், பிறகு காதுக்குள் வண்டு என்றாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, காது ஙொய்யுன்னு இருக்கு. நேத்து பாப்பா வந்து காதுல ஏதோ ரகசியம் சொல்லுச்சு. ஒண்ணுமே கேக்கல. சும்மா சிரிச்சு வெச்சேன்."

கட்டளையாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மனிதர்தான்.

"ஒரு வரிதானே? நீங்க தட்டினா குறையாதா?" என்று கேட்டாள்.

குறையும். ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் தட்ட முடியாது என்று அவர் எடுத்துச் சொன்னார். உத்தரவு வேண்டுமென்றால் குறையை முறைப்படி மேலாளர் காதில் போட வேண்டும். வருகிற வாரம் 'குறை கேட்கும் கூட்டம்' இருக்கிறது, வீடியோவில் நடக்கும், அதில் தைரியமாகப் பேசு என்று அவரே உசுப்பேற்றிவிட்டார். அவளும் நம்பினாள். என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் மேலாளர் கட்டளையாரை அழைத்துக் கதவைச் சாத்தினார். போன வருஷம் தெரியாத்தனமாக எல்லாக் குறையையும் கேட்டுத் தொலைத்துவிட்டதாகவும், கேட்ட பாவத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 'எடுத்த நடவடிக்கை' எழுத வேண்டி வந்ததாகவும் மனம் விட்டுச் சொன்னார்.

"ஒரு மணி நேரம் உக்காரணும், முகம் தெரியணும்னு விதி இருக்கு. காதுல விழணும்னு எங்கயும் எழுதல."

ஒலியை அணைத்துவிடலாமா என்று அவரே கேட்டார். கட்டளையார் பதறினார். அணைப்பது அநாகரிகம், பின்னால் யாராவது விசாரித்தால், அணைத்து வைத்திருந்தார் என்ற பேச்சு வரும். அதைவிட கௌரவமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எந்த ஒலிபெருக்கியோடும் சேராத, பெயரளவில் மட்டும் இருக்கிற ஒரு வெற்று சிங்க்கை ஒரே வரியில் உண்டாக்கலாம். கூட்டத்தின் சத்தம் முழுவதையும் அதில் திருப்பிவிடலாம். பேசுகிறவர் பேசப் பேசத் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கும். எல்லாம் ஒழுங்காக ஓடும்.

"ஓடும்னா, எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். பரிசீலனையில இருக்கிற மாதிரி."

மேலாளர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இந்தக் கம்பெனி செய்துவந்த அதே காரியத்தை ஒரு இயந்திரம் இவ்வளவு துல்லியமாகச் செய்யும் என்று அவர் நினைத்ததில்லை.

"தொட்டி நிரம்பிடாதே?"

"அடியே கிடையாது சார். ஊர் மொத்தமும் வந்து பேசலாம்."

அங்கேயே அதற்குக் 'குறைதீர் தொட்டி' என்று பெயர் சூட்டப்பட்டது. கூட்டம் நடக்கும்போது கட்டளையாரும் மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையாட்ட வேண்டும், இரண்டு தலை ஆடினால் ஊழியர்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். அந்தக் குதூகலத்தில், யார் யார் பேசப் போகிறார்கள் என்பது கட்டளையாருக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் உறைக்காதது போல இருந்தார். நாம் ஏன் துருவ வேண்டும்?

கூட்டம் பிரமாதமாக நடந்தது. தொலைபேசிப் பிரிவு முழுக்க இரண்டாவது மாடிக் கூடத்தில் ஒரு கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராக எழுந்து வந்து பேசினார்கள். இங்கே மேலாளர் அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒரு சத்தமும் இல்லை. பச்சைக் கோடு ஏறினால் மேலாளர் தலையாட்டினார். இறங்கி ஓய்ந்தால், "நன்றி, பரிசீலிக்கப்படும்" என்றார். ஒருவரைக்கூட இடைமறிக்கவில்லை. இப்படிப் பொறுமையாகக் கேட்கிற மேலாளர் எந்தக் கம்பெனிக்கு வாய்ப்பார்?

பிறகு கட்டளையாரின் மனைவி எழுந்து வந்தாள். திரையில் அவள் உதடு அசைந்தது. காதைத் தொட்டுக் காட்டினாள். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, குழந்தை வந்து ரகசியம் சொல்வதைப்போல ஏதோ செய்து காட்டினாள். சத்தமே இல்லாமல் கட்டளையாருக்கு அத்தனையும் விளங்கியது. ஒரே வரி தட்டினால் அவள் குரலைத் தொட்டியிலிருந்து தூக்கி மேலாளரின் மேசை ஒலிபெருக்கியில் விட்டுவிடலாம். விசைப்பலகை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேலாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "யாரு இந்தம்மா? அழகாப் பேசுதே."

"என் வீட்டம்மா சார்."

"அடடே, உங்க வீட்டம்மாவா? அப்ப குறை ஒண்ணும் இருக்காதே."

"இல்லைங்க சார்" என்றார் கட்டளையார்.

பச்சைக் கோடு சரசரவென்று ஏறியது. மேலாளர் தலையாட்டினார். கட்டளையாரும் ஆட்டினார். திரையில் மனைவி ஒரு கணம் உற்றுப் பார்த்தாள், பிறகு வேறு ஏதோ சொன்னாள். இரண்டு தலையும் ஆடின. மறுபடியும் ஏதோ சொன்னாள். மறுபடியும் ஆடின. கூடத்தில் முதலில் ஒருத்தி வாயைப் பொத்தினாள், பிறகு மொத்தப் பிரிவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று மேலாளர் நெகிழ்ந்துபோனார். அன்றே அறிக்கை எழுதினார்: "குறை கேட்கும் கூட்டம் இனிதே நடைபெற்றது. குறை ஒன்றும் கேட்கவில்லை." ஓர் அலுவலக அறிக்கையில் இவ்வளவு அப்பட்டமான உண்மை எழுதப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். கட்டளையாருக்குப் பாராட்டுச் சான்றிதழுக்கும் பரிந்துரை போனது.

சாயங்காலம் பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. கட்டளையார் தானாகவே போய், கூட்டத்தில் என்ன பேசினாய் என்று கேட்டார்.

"முதல்ல காதைப் பத்திதான் சொன்னேன். தலையாட்டினாரு. ஆட்டினது சரியா படல. அதனால, சார் உங்க நாற்காலிக்குப் பின்னாடி தீப்பிடிச்சு எரியுதுன்னேன். அதுக்கும் ஆட்டினாரு. சார் நீங்க ஒரு மக்குன்னு சொன்னேன். நன்றி, பரிசீலிக்கப்படும்னாரு."

கட்டளையார் சிரிக்கப் பார்த்தார். அவர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று மேலாளருக்காகப் பரிந்து பேசவும் பார்த்தார்.

"அவரு தெரியாம ஆட்டினாரு. விடுங்க. பின்னாடி நின்னு நீங்க எதுக்கு ஆட்டினீங்க? நான் என்ன பேச வந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கட்டளையார் எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் எதிரிலேயே திறந்தார். வீட்டிலிருந்தே கம்பெனிக் கணினிகளுக்குள் நுழைய அவருக்கு அனுமதி உண்டு. கடவுச்சொல் இந்தத் தடவை முதலிலேயே சரியாக விழுந்தது. தொலைபேசிப் பிரிவு முழுவதற்கும் ஒலியளவு அறுபது என்று வரியைத் தட்டினார். விரல் எண்டர் விசைக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது.

"மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

மனைவி குனிந்து, தன் சுட்டுவிரலால் எண்டரைத் தட்டினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வரியில் கர்சர் வந்து துடித்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றார் கட்டளையார்.

"இந்த ஒரு தட்டுக்கா ரெண்டு மாசமா என் காதைக் காவு குடுத்தீங்க?"