மாஸ்டர் பெயர் பிடித்த கதை

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைக் கச்சிதமாகச் செய்து முடித்துவிடுவது என்று மாஸ்டர் முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பல முடிவுகள் எடுத்திருக்கிறார். முடிவெடுப்பது எப்போதும் அவர்தான். முடித்து வைப்பது மட்டும் வீட்டு அம்மாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவருடைய காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் மாஸ்டருக்கு இன்னொரு பிரேக். ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டியை நிறுத்தும் அதிகாரம் படைத்தவர் என்று தெருவில் அவருக்குத் தனி மரியாதை. வீட்டில் அந்த இரண்டாவது பிரேக் மனைவியின் காலடியில் இருந்தது.

மனைவி பழைய தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவள். நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா, தையல் விட்டு விட்டு விழுகிறதா, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். வியாதி தெரிந்துவிடும். ஊரில் அவளுக்குத் 'தையல் டாக்டர்' என்றே பெயர். இணையத்திலும் அதே பெயரில் ஒரு தளம். வெளியூர்க்காரர்கள் அதில் பதிவு செய்துவிட்டு மெஷினைப் பார்சலில் அனுப்புவார்கள்.

அந்த இணையப் பெயரை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். "கம்ப்யூட்டர் விஷயத்தையெல்லாம் என்கிட்ட விட்டுடு" என்று மாஸ்டர் மார்தட்டி வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. அவள் விட்டாள். அவரும் விட்டுவிட்டார்.

நினைவுபடுத்தும் மெயில்கள் வராமல் இல்லை. தள்ளுபடி விளம்பரங்களுக்கென்று மாஸ்டர் ஒதுக்கி வைத்திருந்த மெயில் பெட்டியில், செருப்புக்கும் மெத்தைக்கும் நடுவே அவை பிரிக்கப்படாமல் பத்திரமாக இருந்தன.

ஒரு நாள் காலையில் அவள் கேட்டாள்.

"என்னங்க, நம்ம சைட் திறக்கவே மாட்டேங்குது?"

"அதுவா? சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

"சைட்டையா? ஆயில் மாத்துறாங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். சொன்னா உனக்குப் புரியாது."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' மாஸ்டருக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருப்பார். அன்றிலிருந்து பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், கேட்காமலே காய் நறுக்கினார். அவளும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர். சைட் திறக்காத அன்றைக்கே மாஸ்டர் படியேறிப் போய் அவரிடம் விஷயத்தைக் கொட்டினார்.

"இப்போ பணத்தைக் கட்டிட்டா திரும்பக் கிடைச்சுடுமா சார்?"

"கெடு போச்சு. அதுக்கு மேல கொடுத்த சலுகை நாளும் போச்சு. பேர் இப்போ அழியப் போற வரிசையில நிக்குது. இனிமே அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை, மாஸ்டர்."

"என் பொண்டாட்டி பேரு சார் அது."

"அழிஞ்ச நிமிஷம் யாரு வேணாலும் எடுத்துக்கலாம். அப்படிக் கீழ விழுற பேரைக் கேட்ச் பிடிக்கன்னே கம்பெனிங்க இருக்கு. முன்கூட்டியே சொல்லி வெச்சா நமக்காகப் பிடிச்சுத் தருவாங்க. பேக்ஆர்டர்னு சொல்லுவாங்க."

"நம்மள மாதிரியே இன்னொருத்தரும் அங்க சொல்லி வெச்சிருந்தா?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஏலம்."

"இந்தப் பேருக்குப் போட்டிக்கு யாரு சார் வரப் போறா?"

மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெரு முனையைக் காட்டினார். அங்கே புதுத் தையல் மெஷின் விற்கும் கடை. 'பழசைத் தூக்கிப் போடுங்கள்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை. கடைக்காரர் வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் அந்த ஆளிடம் போனால், டாக்டரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நேராக அந்தக் கடையில் போய் நிற்பார்கள். எத்தனை வருஷமாக எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து அவள் சம்பாதித்த பேர். தன் மறதியால் அது போய்விடும் என்று நினைத்த மாத்திரத்தில் மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினார்.

அன்றைக்கே மூன்று கம்பெனிகளில் ஆர்டர் போட்டார். மனசு ஆறவில்லை. இன்னொன்று போடப் போனால், ஒரு ஆளுக்கு ஒரு ஆர்டர்தான் என்று மூன்று கம்பெனியும் கையை விரித்தன. மாஸ்டர் விடுவாரா? டிக்கெட் வரிசையில் வீட்டுக்கு இரண்டு பேர் நிற்பதில்லையா என்று யோசித்து, மனைவியின் பெயரிலும், அவள் கடை மெயிலிலும், தன்னுடைய கார்டைக் கொடுத்தே மூன்றில் ஒன்றில் இன்னொரு கணக்கைத் திறந்து ஆர்டரும் போட்டார். அந்த மெயிலுக்கு வந்த வரவேற்புக் கடிதத்தை உடனே அழித்துவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். இரண்டு நாள் போனதும், அந்த இரண்டாவது ஆர்டரைப் போட்டதையே சுத்தமாக மறந்துவிட்டார். மறதி என்று வந்துவிட்டால் மாஸ்டர் பாரபட்சம் பார்ப்பதில்லை.

பெயர் விழுந்தது. மூன்றில் ஒரு கம்பெனி அதைப் பிடித்துவிட்டது. மாஸ்டர் துள்ளிக் குதிக்கப் போனவர் மெயிலின் கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெயரைக் கேட்டவர்கள் இருவர், ஆகவே ஏலம். எதிராளியின் பெயர் இல்லை, வெறும் எண்தான் இருந்தது. பெயர் எதற்கு? மாஸ்டரின் கண் முன்னே மீசைதான் தெரிந்தது.

ஏலம் முடியும் நேரத்தில் அவர் காரில் இருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தது பல் டாக்டரம்மா. எத்தனையோ பேரின் வாயை நடுங்காமல் திறந்து பார்த்த அம்மாளுக்கு, எதிரே சைக்கிள் வந்தால் மட்டும் கை நடுங்கும். மாஸ்டர் மடியில் போனை வைத்துக்கொண்டு தொகையை ஏற்றினார். மறு நொடியே எதிராளி அதற்கு மேல் ஏற்றினார். மாஸ்டர் ஏற்றினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிராளி மேலே.

"இப்போ என்ன பண்ணட்டும் மாஸ்டர்?" என்றார் டாக்டரம்மா.

"ஏத்துங்க."

"எதை?"

"மன்னிக்கணும். கியரை."

"பல்லைக் கடிக்காதீங்க. தேஞ்சுடும்."

"வண்டியை அந்த மெஷின் கடைப் பக்கம் விடுங்க."

கடை வாசலில் மீசைக்காரர் போனும் கையுமாக நின்றிருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலால் போனைத் தட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். மாஸ்டருக்குச் சந்தேகம் தீர்ந்தது. "வாடா பார்க்கலாம்" என்று முணுமுணுத்து ஏற்றினார். இந்த மாதப் பெட்ரோலை ஏற்றினார், காருக்கு வாங்க இருந்த புது டயர்களை ஏற்றினார். அடுத்து காரையே ஏற்றிவிடுவது என்று விரலை நீட்டியபோது குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது.

பழக்க தோஷம். மாஸ்டரின் கால் தானாகப் போய்த் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. போன் நிற்கவில்லை. மடியிலிருந்து பறந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. தலைகீழாகக் குனிந்து தேடி எடுத்தபோது திரையில் ஒரே வரி இருந்தது. ஏலம் முடிந்தது, பெயர் மற்றவருக்கு.

மாஸ்டர் வீட்டுக்குப் போனார். இனி மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கத் தெம்பும் இல்லை. அவள் ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். மெத்தை விளம்பரத்திலிருந்து சைக்கிள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

"உன் பேரைத் தொலைச்சுட்டேம்மா. அந்த மீசைக்காரன் எடுத்துட்டான்."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து நீட்டினாள். 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது மெயில். தையல் டாக்டர் என்ற பெயர் இனி உங்களுடையது.

மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். மறந்துபோன இரண்டாவது ஆர்டர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். பெயர் போகவில்லை. அவர் மார்பின் மேல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"அப்போ எனக்கு எதிரா கேட்டது நீயா?"

"என் பேர்ல ஏலம்னு காலையில மெயில் வந்துச்சு. அதிகபட்சம் எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. உங்க கார்டுதானேன்னு தாராளமாப் போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன். அதுவா உங்களுக்கு மேல மேல கேட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"நான் ஏத்தினதெல்லாம்?"

"நீங்க கட்டப் போறதை நீங்களே ஏத்தினீங்க. நல்ல வேளை, ஒரு சைக்கிள் வந்துச்சு."

"அப்போ அந்த மீசைக்காரர் தட்டிக்கிட்டே இருந்தது?"

"அவங்க வீட்டு மெஷின் நூல் அறுக்குதாம். நம்ம சைட் திறக்கலைன்னு தட்டித் தட்டிப் பார்த்துட்டு, கடைசியில எனக்கே போன் பண்ணிட்டார்."

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"ஏம்மா, நான் பேரை விட்டது உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க சைட்டை சர்வீஸுக்கு விட்டீங்களே, அன்னைக்கே. மாடி வீட்டு அக்கா சொன்னாங்க."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். அப்புறம் பாத்திரமெல்லாம் பளபளன்னு இருந்துச்சா, அவசரப்படலை."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. பேர் பிழைத்தது, வீட்டில் சண்டையும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? எழுந்து நின்று, குரலைச் சரிசெய்துகொண்டு, கம்பீரமாகவே சொன்னார்.

"அடுத்த வருஷம் பாரு, ஒரு நாள் முன்னாடியே நானே புதுப்பிச்சுடுறேன்."

"வேண்டாங்க. வருஷா வருஷம் தானாவே உங்க கார்டுல எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்றாள் அவள், எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டே. "நீங்க மறக்காம பாத்திரத்தை மட்டும் கழுவிடுங்க."