சிக்கன ஆபீஸ் காருக்கு மூச்சு முட்டிய வரலாறு

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். சீமையில் குண்டு விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீஸ் வந்து விழுந்தது. யுத்தகாலச் சிக்கனப் பிரசார ஆபீஸ் என்று அதற்குப் பெயர். பெட்ரோலை வீணாக்காதீர்கள் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது அதன் தலையாய கடமை. சுற்றுவட்டார ஜனங்களில் பெரும்பாலோர் பெட்ரோலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகையால் முதல் நாளிலிருந்தே அவர்களுடைய ஒத்துழைப்பு அபாரமாக இருந்தது.

பெட்ரோலைச் சேமிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போக ஆபீசுக்கு ஒரு கார் வேண்டுமல்லவா? பக்கத்து ஜமீன் ஒன்று தன் பழைய சீமைக் காரை யுத்த முயற்சிக்கு மனமுவந்து கொடுத்தது. கொடுக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்தபின் வந்த மனமுவப்பு அது. ஏழு பேர் உட்காரலாம். சிவப்பு வெல்வெட்டு மெத்தை, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, பூ வைக்க வெள்ளிக் குவளை, பின்னால் சாய்ந்தபடியே டிரைவருக்கு உத்தரவு போட ஒரு பேசும் குழாய். சித்திரை வெயிலில் வந்தவன் மோர் குடிக்கிற மாதிரி பெட்ரோல் குடிக்கும்.

அதற்கு டிரைவர் எலியேசர். ஸ்டீயரிங்கைத் திருப்பவும், ஹாரன் அடிக்கவும், கண்ணாடி துடைக்கவும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பானெட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும் அவனுக்குப் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் மாதிரி. மரியாதை உண்டு, அர்த்தம் தெரியாது. ஆனால் காக்கிச் சட்டை போட்டு அந்தக் காரில் உட்கார்ந்தால் அவனுக்கு நெஞ்சு ஓரங்குலம் அகலும். கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிற துணிச்சலும் அந்தக் காரால் வந்ததுதான்.

வாரா வாரம் ராஜபாளையத்தில் சிக்கனக் கூட்டம். போய்வந்த பெட்ரோல் கணக்கைப் பார்த்து ஸ்பெஷல் ஆபீசர் சுந்தரபாண்டியன் திகைத்தார். அவர் பி.ஏ. படித்தவர். வண்டியே இவ்வளவும் குடிக்கும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. எனவே யாரோ திருடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். தலைமைக் குமாஸ்தா ஞானரத்தினம், ஆபீஸ் பித்தளை முத்திரையை இடுப்பிலும் அரக்குக் குச்சியைப் பையிலும் வைத்துக்கொண்டு நடப்பவர், காரின் பின்புறம் போய்ப் பெட்ரோல் தொட்டி மூடியை உற்றுப் பார்த்தார். மூடியின் நடுவில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம்.

"ஐயா, இங்க பாருங்க. ஓட்டை."

"இது வழியாகவா போகிறது?"

"சொட்டுச் சொட்டாப் போகும்யா. நம்ம ஆபீஸ்ல காகிதம் போகலையா?"

காகிதம் எப்படிப் போனது என்பது இருவருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே ஆபீசர் மேற்கொண்டு கேட்கவில்லை. மூடியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைக்க உத்தரவாயிற்று. தலைமைக் குமாஸ்தா நேரில் வந்து உடைத்தால் ஒழிய வேறு யார் தொட்டாலும் தேசப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில். ஞானரத்தினம் பெட்ரோல் தொட்டியின் வாயருகே மெழுகுவத்தியைக் கொளுத்திப் பிடித்து அரக்கு உருக்கினார். கர்த்தர் கிருபையால் ஆபீஸ் அன்று தப்பியது.

அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்ட கார் மூன்று மைல் ஜோராகப் போயிற்று. பிறகு ஒரு குலுக்கல், ஓர் இருமல், விட்டுவிட்டு ஒரு பாய்ச்சல். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வந்து ஒரேயடியாக நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க முத்திரையை உடைக்க வேண்டும். ஊருக்கு ஆள் போய், ஞானரத்தினம் ஜட்கா வண்டியில் வந்து சேர்ந்து, அரக்கைத் தட்டி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். குச்சியை விட்டுப் பார்த்தால் பெட்ரோல் தாராளமாக இருந்தது. மூடியைப் போட்டு மறுபடி முத்திரை வைத்ததும், எலியேசர் காரின் முன்புற ஹேண்டிலைச் சுற்றினான். கார் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மறுவாரமும் அதே விலக்கு, அதே இருமல், அதே ஜட்கா.

ராஜபாளையத்து மெக்கானிக் கருத்தையாவை வரவழைத்தார்கள். அவர் முதலில் மூடியைத் திறந்து வைக்கச் சொன்னார். அப்புறம் பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். ஆபீஸ் வாசலில் இஞ்சின் பாட்டுப் பாடியது. மூடியைப் போட்டு முத்திரை வைத்து அனுப்பினார்கள், விலக்கில் நின்றது. அடுத்த தடவை கார்புரேட்டரில் தூசி என்றார். அதற்கடுத்த தடவை மேக்னெட்டோவில் கோளாறு என்றார். வாசலில் பாடுகிற வண்டி விலக்கில் நின்றால் அது மெக்கானிக்கின் குற்றமா என்று கடைசியில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசர் யோசித்தார். ஞானரத்தினம் வந்தால் வண்டி ஓடுகிறது, வராவிட்டால் நிற்கிறது. ஆகவே இஞ்சினுக்கு அவரிடம் பயம். அவரையே காரில் ஏற்றினார்கள். அப்படியும் நின்றது. அப்போதுதான் சூட்சுமம் புலப்பட்டது: அவர் வந்தால் மட்டும் போதாது, ஜட்காவில் வர வேண்டும். அன்றிலிருந்து காருக்குப் பின்னாலேயே ஜட்காவும் சர்க்கார் செலவில் போயிற்று. விலக்கு வரை கார் முந்தும். அங்கே நின்று ஜட்காவுக்காகக் காத்திருக்கும்.

இதையெல்லாம் ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி மலைச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை பெரிய கார் சிவப்பு அரக்கு முத்திரையோடு வருகிறது, நடுவழியில் நின்று நாலு பேர் பார்க்க மறுபடி கிளம்புகிறது என்றால் அதில் ஏதோ கௌரவம் இருக்கத்தானே வேண்டும்? தன் காருக்கும் தன் பெயர் பொறித்த முத்திரை வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்தில் ஊரில் கார் வைத்திருந்த எல்லோரும் அரக்கு வைத்தார்கள். நிற்காமல் ஓடுகிற காரை, பஸ் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கௌரவம் அவர்களுக்கு. எலியேசருக்கோ தலைக்கு மேல் வெள்ளம். பெட்ரோல் திருட முடியாமல் முத்திரை வைத்ததற்குப் பழிவாங்க அவனே வண்டியைக் கெடுக்கிறான் என்று ஞானரத்தினம் எழுதி வைத்துவிட்டார். மதராஸிலிருந்து சிக்கனக் கமிஷனர் வரப்போகிறார். அவரை ஏற்றிப்போகிற அன்றைக்கு வண்டி நின்றால் எலியேசரை அங்கேயே போலீசில் ஒப்படைப்பது என்று தீர்மானமாகிவிட்டது. கோயிலில் அவன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அடுத்த வீட்டு ஏசம்மாள் ஒவ்வொரு சாயங்காலமும் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று அவன் வீட்டு விளக்கை மோந்து பார்த்துவிட்டுப் போனாள். செய்யாத திருட்டுக்குத் தலைகுனிந்து நடப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவன் மனைவி சந்தனமேரி புதிதாக வாங்கிய கடலை எண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். கொஞ்சம் விழுந்து, குபுக் குபுக்கென்று திக்கி, நின்றுவிட்டது. அவள் எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டாள். எண்ணெய் சீராக ஒழுகியது. எலியேசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இது எதுக்கு ரெண்டாவது ஓட்டை?"

"காத்துப் போகாண்டாமா? மூச்சை அடைச்சா எது ஓடும்?"

எலியேசர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆபீசுக்கு ஓடினான். அந்த அரக்கால்தான் வண்டி நிற்கிறது, அதை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆபீசர் முன் கைகட்டிச் சொன்னான். முத்திரையை எடுக்கச் சொல்கிறவன் யாராக இருக்க முடியும் என்று ஞானரத்தினம் ஆபீசரைப் பார்த்தார். ஆனாலும் சுந்தரபாண்டியன் நியாயஸ்தர். விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: இஞ்சினின் நலன் கருதி அரக்கில் ஒரு துவாரம் போட்டுக்கொள்ள அனுமதி வழங்கப்படுகிறது, மேற்படி துவாரத்தை அரக்கால் அடைத்து முத்திரை வைக்க வேண்டியது.

கமிஷனர் வந்தார். முறுக்கு மீசை, கையில் பிரம்பு, பழைய பட்டாளத்து மனிதர். அவர் ஏறிப்போகிற காருக்குப் பின்னால் குதிரை வண்டி ஓடினால் நன்றாக இராது என்று அன்று ஜட்காவை நிறுத்திவிட்டார்கள். கார் குலுங்கியது, இருமியது, விலக்கில் நின்றது. நிழலுக்கு ஒரு பனைகூட இல்லாத இடம். வெல்வெட்டு மெத்தை கொதித்தது. பேசும் குழாய் வழியாகக் கமிஷனர் காரணம் கேட்டார். சுந்தரபாண்டியன் டிரைவரைக் கைது செய்ய அனுமதி கேட்டார்.

எலியேசர் கீழே இறங்கி நின்றான்.

"ஐயா, அந்த அரக்கைப் பேத்தா வண்டி ஓடும். ஓடலைன்னா என்னைய ஜெயில்ல போடுங்க. ஓடிச்சுன்னாலும் முத்திரையை ஒடைச்சதுக்குப் போடுவாக. எப்படியும் போகப் போறவன் சொல்லுதேன், வண்டியாவது ஓடட்டும்."

கமிஷனர் எழுந்து வந்து பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். அரக்கு தெறித்தது. புஸ்ஸென்றது. எலியேசர் ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்ற, கார் கிளம்பி, ராஜபாளையம் மேடை வரை ஓர் இருமல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கமிஷனர் உடைத்ததால் அது குற்றமாகவில்லை, பரிசோதனையாயிற்று.

அன்றைய கூட்டத்திலேயே எலியேசர் நிரபராதி என்று அறிவித்து மாலை போட்டார்கள். அவன் மேடையில் நின்று அழுதுவிட்டான். இனி துவாரத்தை அடைக்கக் கூடாது என்று கமிஷனர் உத்தரவிட்டார். ஆனால் அடைக்காத துவாரத்தைக் காவலில்லாமல் விடலாமா? அதன் இயல்பு தெரிந்த ஒருவன் கூடவே இருக்க வேண்டும். எலியேசருக்குத் துவாரக் கண்காணிப்பாளர் என்ற புது உத்தியோகமும் பித்தளை வில்லையும் கிடைத்தன. காரின் பின்னால் தொட்டியை ஒட்டி அவனுக்கு ஒரு பலகை ஆசனம் பொருத்தினார்கள். ஓட்டுவதற்கு இருளப்பசாமி என்று ஒரு புது டிரைவர் வந்தான். அந்த வாரமே மலைச்சாமி தன் காரின் பின்னாலும் ஒரு பலகையடித்து ஓர் ஆளை உட்கார வைத்தார். ஊரே வைத்தது.

எலியேசர் பின்னால் உட்கார்ந்தான். ரோடு குண்டும் குழியும். வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் துவாரத்திலிருந்து பெட்ரோல் வாசனை அடித்தது. ஒரு சொட்டுக் குறைந்தாலும் இனி அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு கட்டை விரலைத் துவாரத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

மம்சாபுரம் விலக்கில் கார் இருமி நின்றது. ஆபீசர் குழாயில் சத்தம் போட, இருளப்பசாமி பதறிப்போய்ப் பின்னால் ஓடிவந்தான். விரலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, விரலை எடுங்க. அது மூச்சு வாங்குற எடமில்லா?"

"எனக்குத் தெரியாதாலே?" என்றான் எலியேசர். குரலில் இரக்கம் இருந்தது; விரல் அசையவில்லை. "இதை எடுத்து ஒரு சொட்டுச் சிந்திச்சுன்னா எனக்கு வேலை போயிரும். எடுக்காட்டா ஒனக்குத்தான போகும்."