முப்பத்தேழு வரியைத் தூக்கிய கதை

ஒரு கம்ப்யூட்டரின் கெர்னலையே நான் எழுதியிருக்கிறேன். (பொய். எழுதவில்லை, அழித்தேன். முப்பத்தேழு வரி.) கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய கங்காணி. யார் எந்த வேலையைச் செய்வது என்று அதுதான் சொல்லும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், மலேசிய மலையூரான தானா ராத்தாவில் கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தவன், அந்தக் கங்காணியின் வயிற்றில் கத்தி வைத்தேன்.

வைக்கச் சொன்னவர் மச்சான் செல்லையா. என் மனைவி கனகத்தின் அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி. அங்கே தேயிலையைக் காயவைக்கும் டிரையரை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. பட்டனை அழுத்தினால் யோசித்து யோசித்துத்தான் அசையும். அதை நான் வேகமாக்கிவிட்டால் ஃபேக்டரியில் எனக்கு நிரந்தர வேலை என்று மானேஜரிடம் பேசி வைத்திருந்தார்.

“வாக்குக் குடுத்துட்டேன் மாப்ள. என் பேரக் கெடுத்துறாத லா.”

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. கை அரித்துக்கொண்டே இருக்கும். நாலு வீடியோ பார்த்துவிட்டு, கெர்னலுக்குள் ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் கோடிங்கைத் திறந்தேன். லோரிக்கு கியர் மாதிரி அது. வேலை வந்தால் கூட்டும், சூடேறினால் குறைக்கும். (‘இஃப்’, ‘ரிட்டர்ன்’ இரண்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் இங்கிலீஷ் வந்தால் தாண்டிவிடுவேன்.)

சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் பகுதி மட்டும் முப்பத்தேழு வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டைக்கு மேல் சட்டை போட்டுத் தூங்குகிற மலையில் சூடாம், சூடு! கோலாலம்பூர்க்காரன் எவனோ எழுதியிருக்கிறான் என்று மொத்தத்தையும் தூக்கினேன். கோடிங் பார்க்கவே சுத்தமாக, எளிமையாக இருந்தது, என் மண்டையைப் போல.

மச்சான் கழற்றிக் கொண்டுவந்து தந்த அந்தக் கம்ப்யூட்டரை வீட்டு ஜன்னலில், பனி அடிக்கிற இடத்தில் வைத்து அரைநாள் ஓட்டினேன். பறந்தது. வைக்கப்போகும் இடமும் இப்படித்தான் இருக்குமா என்று கனகம் கேட்டாள். கம்ப்யூட்டரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றேன்.

மறுநாள் காலை டிரையர் அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். வெளியே பனி, உள்ளே அடுப்பு. சட்டை முதுகில் ஒட்டியதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது தாகம்தான். டிரையரை ஒட்டியிருந்த பெட்டிக்குள் கம்ப்யூட்டரை மாட்டினேன். பட்டனைத் தொட்டதுமே பெல்ட் துள்ளியது. மானேஜர் “பாகூஸ்” என்று மலாயில் மெச்சினார். நான் வாசலுக்கும் டிரையருக்கும் நடந்துகொண்டே, வேலைக்குக் கொடுக்கப்போகும் சட்டை எனக்குப் பத்துமா என்று கவலைப்பட்டேன்.

திரை கறுத்துப்போனது. வேகத்தைக் குறைக்க ஆளில்லாமல் கொதித்த ப்ராசஸர், உயிர் பிழைக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பெல்ட் நின்றது. நெருப்பு நிற்கவில்லை. பெல்ட்டில் இருந்த தேயிலை அப்படியே வறுபட்டுப் புகை கூரையை மூடியது. வெளியே நின்ற சுற்றுலாக்காரர்கள் ஏதோ பழங்கால முறை என்று படம் எடுத்தார்கள். மச்சான்தான் ஓடிப்போய்க் கையால் வால்வைத் திருகி நெருப்பை அடக்கினார்.

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த முப்பத்தேழு வரி இருந்த இடத்துக்கு மேலே நான் தாண்டிப்போயிருந்த இங்கிலீஷை என் லேப்டாப்பில் படித்தார்.

“‘டிரையர் ரூம் ரொம்பச் சூடு, இத எடுக்காதே’ன்னு போட்டிருக்கு மாப்ள.”

“யாரு மச்சான் எழுதுனது?”

“படிக்கத் தெரிஞ்சவன்.”

என் வேலை போனது. (வராத வேலை எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள்.) பழைய கோடிங் திரும்பி வரும்வரை இரண்டு நாள் மச்சான் அந்தச் சூட்டிலேயே நின்று டிரையரைக் கையால் ஓட்டித் தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதை நல்லது என்று சொன்னாலும் ஒரே கேள்விதான். புதுச் செருப்பு வாங்கினாலும் அதுதான். மகளுக்குப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, பையன் தங்கம் என்றேன். கனகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“டிரையர் பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா?”

மச்சான் அந்தப் பையனை நிஜமாகவே ஃபேக்டரிக்குக் கூட்டிப்போய்விட்டார். டிரையர் அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பையன் திடீரென்று…

“ஏங்க, குளிக்கிற ஹீட்டர்லேர்ந்து நேத்து எதையோ கழட்டுனீங்களே, அது எதுக்கு உள்ளது?”

குளியலறையிலிருந்து கனகம் கத்துகிறாள். அது மேசைமேல்தான் கிடக்கிறது. சின்னதாக, இரண்டு கம்பியோடு. வேண்டாத சாமான் என்றுதான் நினைத்தேன்.

“தண்ணி கொதிக்குதுங்க.”

இருங்கள், ஓடுகிறேன்.