சிவப்புக் காரும் மூன்றாவது வேகத்தடையும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை சகலை ராமதாஸின் வாயைப் பிளக்க வைத்தே தீருவது என்று தனகோடி சபதம் எடுத்தார். சாதாரணமாகப் பிளந்தால் போதாது. ஓர் ஈ உள்ளே போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பும் அளவுக்குப் பிளக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. தனகோடிக்குத் திருப்போரூரில் உரக்கடை. ரோட்டோர நிலமெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனியாகிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் ஒரு துண்டு நிலத்தை விற்றார். விற்ற சூட்டோடு ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே ராமதாஸ் கேட்டார்: "இன்னா சகல, நெலத்த வித்தும் அந்த ஓட்ட மொபெட்டுலயே சுத்திகினு கீற?" பந்தியே சிரித்தது. ராமதாஸிடம் ஜீப் இருந்தது. ஜீப் இருப்பவர் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

தனகோடி மோர் குடிக்காமல் எழுந்தார். மறு மாதமே, மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி வைத்திருந்த ஒருவர் விற்ற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். ரத்தச் சிவப்பு. இரண்டே சீட்டு. உயரம் இடுப்பளவு.

மனைவி அம்சா சுற்றிவந்து பார்த்தாள். "ஏங்க, இன்னா இவ்ளோ குட்டையா கீது? யாராச்சும் மேல ஒக்காந்துட்டாங்களா?"

"காத்தக் கிழிக்கிற டிசைன்டி இது!"

பெருமையோடு முன்பக்க மூடியைத் திறந்தார். திறந்தவர் அலறினார். "ஐயோ அம்சா! எஞ்சினையே காணோம்! கழட்டிக்கினு வித்துட்டாண்டி!"

அம்சா பின்பக்கம் போய்க் குனிந்தாள். "கத்தாதீங்க. இங்க கீது. முன்னாடி கீறது வெறும் பொட்டி."

அன்றிலிருந்து தனகோடி அந்தக் காருக்கு வைத்தியரானார். கடையில் யூரியா கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் குதிரைத்திறன் பற்றிச் சொன்னார். அவர்கள் யூரியா வாங்காமலே போனார்கள். வீட்டிலோ கார் ஒரு வாரம் சும்மா நின்றாலே பேட்டரி படுத்துவிடும். முதல் தடவை அது கிளம்ப மறுத்தபோது அம்சா சொன்னாள்: "மாமல்லபுரத்துல அஞ்சு ரதம் நவுறாம நிக்குது. ஆறாவது தப்பிச்சு நம்ம வூட்டுக்கு வந்துடுச்சு போல."

கடை நேரத்தில் காரைக் கவனிக்க அவரால் முடியாது. ஆகவே பொறுப்பை அம்சாவிடம் கொடுத்தார். "தெனம் காலைல ஸ்டார்ட் பண்ணு. வாசல்லயே ஒரு சாண் முன்ன, ஒரு சாண் பின்ன. இல்லாட்டி டயர் சப்பையாயிடும். தெருவுக்குக் கொண்டு போகாத. இது பொம்பளைங்க தாங்குற எஞ்சின் இல்ல."

கருங்குழியில் பிறந்த வீட்டு டிராக்டரை ஓட்டி வளர்ந்தவள் அம்சா. "சரிங்க" என்றாள். அவள் 'சரிங்க' என்று சொன்னால் அன்று ஏதோ நடக்கப்போகிறது என்பது தெருவுக்கே தெரியும். தனகோடிக்கு மட்டும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் காருக்கு வரிசையாக வியாதி வந்தது.

முதலில் பெட்ரோல் குறைந்தது. வாசலில் நிற்கிற கார் இப்படிக் குடிக்குமா? டேங்க் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கீழே ஊர்ந்துபோய் சோப்புக் கட்டியைத் தேய்த்தார். எங்கே ஓட்டை என்று தெரியாததால் எல்லா இடத்திலும் தேய்த்தார். மழை பெய்தபோது கார் நுரை தள்ளியது.

அடுத்தது காலடியில் மணல். "கடக்காத்து ரொம்ப தூரம் வருதுடி" என்றார். "ஆமாங்க, இப்பல்லாம் ரொம்ப அடிக்குது" என்றாள் அம்சா.

அப்புறம் சீட்டு. உட்கார்ந்தால் ஸ்டீயரிங் வயிற்றைக் குத்தியது. "சீட்டு தானா முன்னால நவுந்துகீது அம்சா."

"சீட்டு நவுறல. தொப்பதான் நவுந்துகீது."

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நாற்றம். முன்பெட்டியைத் திறந்தால் மீன் வாடை. மெட்ராஸ் மெக்கானிக் ஒருவரைப் போனில் பிடித்தார். வயர் கருகினால் மீன் வாடை அடிக்கும் என்றார் அவர். தனகோடி ஒவ்வொரு வயராக மூக்கில் வைத்து முகர்ந்தார். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகும். "இன்னா ருசி! இப்பல்லாம் மீன் துள்ளத் துள்ளக் கெடைக்குது போல!"

"நல்ல மீன் கூடக்காரம்மா கெடைச்சுகீதுங்க" என்றாள் அம்சா.

இந்த நிலையில்தான் ராமதாஸின் அழைப்பு வந்தது. ஞாயிறன்று மாமல்லபுரத்தில் அவர் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ராமதாஸின் மனைவி அம்சாவுக்கு அக்கா.

தனகோடியின் திட்டம் எளிமையானது. கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு தனியாகப் போய் இறங்க வேண்டும். அம்சா பக்கத்தில் இருந்தால் சோப்பு நுரையிலிருந்து தொப்பை வரை எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்துவிடுவாள். பிறகு ராமதாஸின் வாய் சிரிக்கத்தான் திறக்கும்.

சனிக்கிழமை கடையில் மெதுவாக ஆரம்பித்தார். "அம்சா, நீ பஸ்ஸுல வந்துடேன். ரெண்டு பேர் ஏறுனா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும். எஞ்சினே போயிடும்."

"அப்ப வெயிட்டுதான் பிரச்னையா?"

"வெயிட்டு மட்டுந்தான்!"

"கனமான ஆளு ஏறக்கூடாது?"

"ஏறவே கூடாது!" என்றார் தனகோடி, கன்றுக்குட்டி தானே போய்க் கயிற்றில் கழுத்தை நீட்டுவதுபோல.

அம்சா கடைத் தராசில் ஏறி நின்றாள். ஒரு மூட்டை யூரியாவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. "இப்ப நீங்க."

"எதுக்குடி? டிரைவர் வெயிட்டு கணக்குல வராது..."

"ஏறுங்க."

ஏறினார். தராசு முனகியது. இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. உரம் வாங்க வந்த இருவர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

பேரம் ஆரம்பித்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. இருவரும் காரிலேயே போவது. வேகத்தடை வந்தால் தனகோடி இறங்குவது. அந்த ஒரு சாண் ஏற்றத்தை அம்சா ஓட்டித் தாண்டிவிட்டு அவரிடம் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுப்பது. சகலை வீட்டுத் தெருமுனையில் அம்சா இறங்கிக்கொள்வது. பரவாயில்லை, வாசலில் தனியாகத்தான் போய் இறங்குவோம் என்று தனகோடி மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை, அம்சா பட்டுப்புடவையில் வந்தாள். மொய்க்கு வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு மடியில்.

முதல் வேகத்தடை வந்தது. தனகோடி இறங்கினார். "வெளக்கையும் எடுத்துக்குங்க. அதுவும் வெயிட்டுதான்" என்றாள். நியாயம். விளக்கோடு நின்றார். கார் தாண்டியது, நின்றது, ஏறினார்.

இரண்டாவதும் அப்படியே. தனகோடிக்கு இந்த ஏற்பாடு பிடித்துக்கூடப் போய்விட்டது.

மூன்றாவது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. விளக்கோடு இறங்கினார். கார் வேகத்தடையைப் பூனைபோலத் தாண்டியது. ஆனால் நிற்கவில்லை. எஞ்சின் ஒரு தடவை உறுமியது. நெம்மேலி ரோட்டில் திரும்பியது. சிவப்பு, புள்ளியாகி மறைந்தது.

"அம்சா! ப்ரேக்! நடுவுல கீறது ப்ரேக்!" என்று தனகோடி விளக்கை ஆட்டினார். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மாமல்லபுரம் பஸ் வந்தது. குத்துவிளக்குக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். ஊர் தாண்டும் முன்னே இன்னொரு வேகத்தடை வந்தது. பழக்க தோஷம், தனகோடி விளக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

கண்டக்டர் கத்தினார்: "யோவ் பெருசு, எங்க எறங்குற? பஸ்ஸுய்யா இது. ஒக்காந்துகினே தாண்டலாம்."

வியர்த்து விறுவிறுத்துச் சகலை வீட்டை அடைந்தபோது வாசலில் ஒரே கூட்டம். நடுவே சிவப்புக் கார். அதன் கதவைப் பிடித்துக்கொண்டு ராமதாஸ் நின்றார். வாய் பிளந்திருந்தது! சபதப்படியே பிளந்திருந்தது! தனகோடிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சகல!" என்று ராமதாஸ் ஓடிவந்தார். "இன்னா காரு! இன்னா ஓட்டு! அம்சா என்னக் கடக்கோயில் வரிக்கும் ஒரு ரவுண்டு அடிச்சா பாரு, ஜீப்பெல்லாம் தூக்கிப் போடணும்!"

"உன்னியா? ரெண்டு பேரா? ஸ்பீட் பிரேக்கர்ல தட்டலியா?"

"நேரா வுட்டாத்தான் தட்டும் மாமா" என்று அம்சா ராமதாஸிடமே விளக்கினாள். "சாய்ச்சி, ஒவ்வொரு சக்கரமா ஏத்துனா தட்டாது. தெனம் ஓட்டுறேனே, தெரியாதா?"

"உனுக்கின்னா சகல, ராஜா! நெனைச்சப்பல்லாம் ஏறிக்கலாம். அம்சாவாண்ட கேட்டா ஏத்திக்கினு போவா."

தனகோடி விளக்கைக் கீழே வைத்தார். உடம்பில் மிச்சமிருந்த வீரத்தையெல்லாம் திரட்டினார். "அம்சா, சாவியக் குடு. திரும்பறப்ப நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல ஒக்காரு."

அம்சா அன்பாக அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"பஸ்ஸுலயே வந்துடுங்க. வழில நெம்மேலில நம்ம கூடக்காரம்மா முழு வஞ்சிரம் எடுத்து வெச்சிகீது, முன்பொட்டி நெறைஞ்சிடும். அது மேல நீங்களும் ஏறுனா அடி தட்டும்."