கார்பைடு விளக்கும் பூண்டு வாடையும்

இந்த ஜன்மத்தில் இனி இருட்டிய பிறகு கார் ஓட்டுவதில்லை என்று சாம்பசிவம் சங்கல்பம் செய்துகொண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. விஷயம் அவருக்கும் தெருமுனைப் பிள்ளையாருக்கும் மட்டும்தான் தெரியும். பிள்ளையார் யாரிடமும் சொல்ல மாட்டார். இவரும் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவி நாகலக்ஷ்மியிடம் மூச்சு விடவில்லை.

எப்படிச் சொல்வார்? சாம்பசிவம் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். அவர் தொண்டையைக் கனைத்தால் வகுப்பே எழுந்து நிற்கும். தல்லாகுளத்தில் கார் வைத்திருந்த ஒரே வாத்தியாரும் அவர்தான். பிள்ளையில்லாத வக்கீல் பெரியப்பா ஒருவர் கண்ணை மூடும்போது தன் பழைய காரை இவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷர் பெண்டாட்டி முன்னால் போய் நின்று, "நாகு, இருட்டுல எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்வதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

பகலில் அவர் ராஜா. இருட்டில்தான் தகராறு. போன தை மாதம் நாகமலை ரோட்டில் அந்தி மயங்கும் நேரம், எதிரே விளக்கில்லாத வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டியின் மேல் மோதாமல் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் கண்மாய் இருந்தது. முழங்கால் தண்ணீரில் கார் நின்றது. நாலு பேர் இறங்கித் தள்ளிக் கரையேற்றினார்கள். வீட்டுக்கு வந்து, "எஞ்சின் சூடாயிடுத்து. கொஞ்சம் தண்ணி காட்டிட்டு வந்தேன்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி.

மறுநாளே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "கார் விளக்கு ரெண்டும் ரிப்பேர். விளக்கில்லாம ஓட்டினா போலீஸ் பிடிப்பான். ஆகையினால ஆறு மணிக்கு மேல வண்டி நகராது."

அதோடு தொல்லை விட்டது. ராத்திரிக் கச்சேரி இல்லை, ரயிலடிக்குப் போய் மச்சினனை அழைத்து வருவது இல்லை. சட்டம் அவர் பக்கம்.

ஆனால் விளக்கு ரிப்பேர் இல்லை. அது மட்டுமில்லை, அந்த விளக்கின் மேல் அவருக்கு உயிர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு அது. புதுக் கார்களுக்கெல்லாம் மின்சார விளக்கு வந்துவிட்டது. இது அதற்கு முந்திய தலைமுறை, கார்பைடு விளக்கு. காரின் மிதிபலகையில் பித்தளைக் கூஜா மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல்தட்டில் தண்ணீர், கீழ்த்தட்டில் கார்பைடு கல். நடுவில் உள்ள திருகைக் கொஞ்சம் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். கல் பொங்கி வாயுவைக் கக்கும். வாயு ரப்பர் குழாய் வழியாக ஓடி முன்னால் இருக்கும் விளக்குக்குள் வரும். அங்கே ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு ஊசித்துளைகள். இரண்டு பக்கத்துச் சுடரும் நடுவில் முட்டிக்கொண்டு விசிறியாக விரியும். பின்னால் வெள்ளி பூசிய குழிக்கண்ணாடி. சுடர் அந்தக் குழியின் சரியான புள்ளியில் நின்றுவிட்டால் போதும். வெளிச்சம் சிதறாமல் ஒரே கட்டாக, நேராகப் புறப்படும். ஒரு நூலிழை தள்ளி நின்றால் எதிரே வருகிறவன் நெற்றியும் தெரியாது.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் சாம்பசிவத்தின் மாலைப்பொழுது கழிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். விளக்கை ஏற்றுவார். சுடரை முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார். எதிர்ச்சுவரில் வட்ட வெளிச்சம் விழுந்ததும் தனக்குத் தானே, "பேஷ்!" என்று சொல்லிக்கொள்வார். பிறகு அணைத்துவிட்டு, கூஜாவின் அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றைக் கிணற்றடியில் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் காபிக்கு வந்து உட்காருவார்.

இரண்டு விஷயங்கள் அவரை ஆச்சரியப்படுத்தின. கார்பைடு டப்பா குறையவே இல்லை. தாம் தண்ணீரை அளந்து சொட்டவிடும் நேர்த்திதான் காரணம் என்று முடிவு கட்டினார். இன்னொன்று, கிணற்றடிச் சுவர் நாளுக்கு நாள் வெள்ளை வெளேரென்று ஆகிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் தேட அவருக்கு நேரமில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு. அது அவர் கவனத்துக்கே வரவில்லை. கார்பைடில் தண்ணீர் பட்டால் பூண்டு வாடை அடிக்கும். சாதாரண வாடை இல்லை, ஒரு படி பூண்டை உரலில் போட்டு இடித்த வாடை. பதினெட்டு வருஷம் லாபரட்டரியில் கந்தகத்தை முகர்ந்த மூக்குக்கு அது எங்கே எட்டும்?

ஆவணி மாதம் உசிலம்பட்டியிலிருந்து கார்டு வந்தது. நாகலக்ஷ்மியின் தங்கை ஸ்யாமளா அங்கே இருந்தாள். குழந்தைக்கு ஆண்டு நிறைவு. காலை ஆறு மணிக்கு ஹோமம்.

"முந்தின நாள் உங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். சாயங்காலம் ஆறு மணியாயிடும்" என்றாள் நாகலக்ஷ்மி. "ஹோமத்தன்னிக்குக் கார்த்தால மூணரைக்குக் கார்ல கிளம்பினா சரியா இருக்கும்."

"மூணரைக்கு இருட்டா இருக்குமேடி!"

"இருட்டுக்குத்தானே விளக்கு."

"அதான் ரிப்பேராச்சே."

"ஏழு மாசமாவா?"

"பர்னர் சீமையிலேர்ந்து வரணும். கப்பல் வழியில இருக்கு."

நாகலக்ஷ்மி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி. நான் ஸ்யாமுக்கு எழுதிடறேன்" என்றாள்.

எழுதி, ஒட்டி, மறுநாள் அவர் கையிலேயே கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைத் தபால் பெட்டியில் போட்டபோது சாம்பசிவத்துக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று வகுப்பில் ஒருவனைக்கூடப் பெஞ்சில் ஏற்றவில்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். முற்றத்தில் நாகலக்ஷ்மி நின்றிருந்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் கிட்ட வாங்கோ. வேண்டாம், அங்கயே நில்லுங்கோ."

"என்னடி?"

"உங்க மேல என்ன வாடை?"

"வாடையா?"

"பூண்டு வாடை. இந்த ஆத்துல எங்க மாமியார் காலத்துலேர்ந்து பூண்டுங்கற பேச்சே உள்ள வந்ததில்ல. எங்கேர்ந்து வந்தது?"

சாம்பசிவம் தம் சட்டையை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கார்பைடுக்குப் பூண்டு வாடை உண்டு என்று எப்போதோ புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கார்பைடு என்று சொன்னால் விளக்கு எரிகிறது என்று ஆகிவிடும். விளக்கு எரிந்தால் மூணரை மணி இருட்டில் உசிலம்பட்டி. வழியில் கண்மாய்கள் எத்தனை! பூண்டு என்று சொன்னால் மானம்தான் போகும், உயிர் தங்கும்.

"பூண்டுதான்" என்றார்.

"சாப்டேளா?"

"ம்."

"எங்க?"

"ரயிலடிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல."

"எத்தனை நாளா?"

"தை மாசத்துலேர்ந்து."

நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். கதவிடுக்கில் பார்த்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், இப்படி அழுகிறாளே என்று அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் தண்டனை வந்தது. சாஸ்திரிகளைக் கேட்டாளாம். புதுப் பூணூல், பஞ்சகவ்யம், மூன்று வேளையும் பச்சைத் தண்ணீரில் ஸ்நானம். இலை கொல்லைப்புறத்தில், பசுமாட்டுக்கு எதிரே.

"அப்புறம், காபி கிடையாது."

"காபியா? சாஸ்திரத்துல காபி எங்கேர்ந்து வந்தது?"

"பூண்டு மட்டும் எங்கேர்ந்து வந்தது?"



சாம்பசிவம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். காபி இல்லாத காலைதான் கொடுமையாக இருந்தது. இருந்தாலும் இன்னும் சில நாள். ஹோமம் முடிந்துவிட்டால் யாரும் உசிலம்பட்டி என்று சொல்லமாட்டார்கள். அதற்குள்ளும் விளக்கை விட முடிந்ததா? அதுதான் இல்லை. சாயங்காலம் ஆனால் கால் தானாக ஷெட்டுக்குப் போகும். திரும்பி வந்தால், "இன்னிக்குமா?" என்பாள். "இன்னிக்கும்தான்" என்று தலை குனிவார். இன்னொரு குடம் தண்ணீர் தலையில் விழும்.

மூன்றாம் நாள், அடுத்த வீட்டு அனந்தநாராயணன் கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க், பரம வைதிகர். தெருவில் எல்லோருக்கும் முன்னால் இவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஓய் சாம்பசிவம், கேள்விப்பட்டேன்."

"தப்புத்தான், ஓய்."

"அது கிடக்கட்டும்." அனந்தநாராயணன் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். குரல் தேய்ந்தது. "எந்த ஹோட்டல்?"

சாம்பசிவம் வாய்க்கு வந்த ஒரு சந்தின் பேரைச் சொல்லிவைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி அந்தத் தலை தெரிந்தது. "ரயிலடியைப் பத்துத் தரம் சுத்திட்டேன். அங்க ஒரு சோடாக்கடைதான் இருக்கு. எனக்குச் சொல்ல உமக்கு மனசு வரல்லை இல்லியா?" என்று கோபித்துக்கொண்டு தலை மறைந்தது.

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. களைத்துப்போய் வந்து சீக்கிரமே படுத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ உலுக்கினார்கள். பட்டுப் புடவையும் வைரத்தோடுமாக நாகலக்ஷ்மி.

"எழுந்திருங்கோ. கிளம்பணும்."

"எங்க?"

"உசிலம்பட்டிக்கு."

"விளக்கு..."

"வந்து பாருங்கோ."

ஷெட்டுக் கதவு இரண்டும் திறந்து கிடந்தன. இரண்டு விளக்கும் எரிந்தன. அந்த மாதிரி வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் கதவின் பூட்டு இங்கிருந்து தெரிந்தது. பக்கத்தில் தலைப்பாகையோடு சின்னக்கருப்பன் நின்றான். தெற்குவாசலில் மோட்டார்ப் பட்டறை வைத்திருப்பவன். இவருக்குக் கார்பைடு வாங்கிக்கொடுப்பவன்.

"நல்லாத் தொடச்சு வச்சிருக்கேன் சாமி. குழிக்கண்ணாடிய அம்மா விபூதி போட்டுத் தேய்ச்சாக. ஊசித்தொளைய ஸ்டவ் ஊசி வச்சுக் குத்தி விட்டதும் அவுகதேன்."

சாம்பசிவம் மனைவியைப் பார்த்தார். "உனக்கு... எப்போத் தெரியும்?"

"தை மாசத்துலேர்ந்து. நம்ம கல்யாண ஜானவாசத்துல உங்களைச் சாரட்டுல உக்காத்தி வச்சு, ரெண்டு பக்கமும் இதே கார்பைடு விளக்கைத் தூக்கிண்டு வந்தா. நான் ஜன்னல் வழியாப் பாத்துண்டிருந்தேன். முதல்ல வாடை வந்தது. அப்புறம்தான் நீங்க வந்தேள். அந்த வாடையை மறப்பேனா?"

"கார்பைடு டப்பா?"

"அம்மா சொல்லித்தேன் மாசாமாசம் ரொப்பி வச்சேன், சாமி" என்றான் சின்னக்கருப்பன்.

"கிணத்தடிச் சுவர்?"

"நீங்க கொட்டின சுண்ணாம்பை வீணாக்குவானேன்னு நான்தான் அடிச்சேன்" என்றாள்.

"பின்னே எதுக்குடி எனக்குப் பஞ்சகவ்யம் கொடுத்தே?"

"நீங்களே பூண்டு சாப்டேன்னு ஒத்துண்டப்புறம் நான் என்ன பண்றது? ஆம்படையான் வார்த்தையை நம்பாம இருக்கலாமா?"

நாகலக்ஷ்மியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கண்மாய்க் கதையும் தெரியும். சின்னக்கருப்பன்தானே உங்களைத் தள்ளி ஏத்தினவாள்ள ஒருத்தன். பயமான்னு நான் கேட்டிருந்தா, இல்லைன்னு காட்டறதுக்காவது ராத்திரில ஓட்டிண்டு போயிருப்பேள். அப்புறம் நான் எந்தக் கண்மாய்ல போய்த் தேடறது? பின்னால ஏறி உக்காருங்கோ. அவன் ஓட்டுவான்."

சாம்பசிவம் ஏறி உட்கார்ந்தார். ஏழு மாதமாகக் கட்டிக் காத்த மானம் போய்விட்டது என்று வருத்தப்படத்தான் நினைத்தார். வருத்தம் வரவில்லை. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கார் வைகைப் பாலத்தைத் தாண்டியது. விளக்கு வெளிச்சம் ரோட்டில் பாய் விரித்துக்கொண்டே முன்னால் ஓடியது. எதிரே வந்த வைக்கோல் வண்டியின் மாடுகள் கூட அரை மைல் தூரத்திலேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒதுங்கின. சுடர் சரியான புள்ளியில் நிற்கிறது, தாம் வைத்த இடத்திலேயே நிற்கிறது என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை.

நாகமலைப் பக்கம் வந்ததும் நாகலக்ஷ்மி, "சின்னக்கருப்பா, இங்க மெதுவாப் போ. ஐயா காருக்குத் தண்ணி காட்டின இடம்" என்றாள்.

சாம்பசிவமே சிரித்துவிட்டார். பிறகு தலையைச் சாய்த்தார். செக்கானூரணி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பொழுது விடிகிற நேரம் உசிலம்பட்டி. வாசலில் கோலம், உள்ளே ஹோமப் புகை. ஸ்யாமளா ஓடி வந்து வெள்ளி டம்ளரில் காபியை நீட்டினாள். எட்டு நாள் கழித்து வரும் காபி. ஒரு வாய் குடித்தார். இந்த உலகத்தில் யார் மேலும் தமக்குக் கோபமில்லை என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது.

"வழியெல்லாம் நன்னாத் தூங்கினேளா அத்திம்பேர்?" என்றாள் ஸ்யாமளா. "அக்கா அன்னிக்கே எழுதிட்டா. விளக்கு நன்னா எரியறது, சின்னக்கருப்பன் ஓட்டிண்டு வரான், நீங்க பின்னால தூங்கிண்டு வருவேள்னு."

"அன்னிக்கேன்னா, என்னிக்கு?"

ஸ்யாமளா மாடத்திலிருந்து கடிதத்தை எடுத்து வந்து காட்டினாள். சீமையிலிருந்து பர்னர் வரவேண்டும் என்று அவர் சொன்ன தேதி.

அதைக் கொண்டுபோய்ச் சந்தோஷமாகத் தபால் பெட்டியில் போட்டவர் சாம்பசிவம்தான்.