பூட்டிய மேல்மாடி அறையில் கிச்சகண்டி

லலித்பூர்,
வெள்ளிக்கிழமை

எங்கள் குலத்துக்கே மூத்தவரான பெரியப்பா ஹேரா காஜி சாக்யா அவர்களின் பாதங்களில் தம்பி மகன் தீர்த்தமான் விழுந்து வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பொக்கராவில் மகள் வீட்டில் கட்டோடு ஓய்வெடுப்பதாகக் கேள்விப்பட்டோம். பெரியம்மாவுக்கும் என் வணக்கம். ஆனால் இந்தக் கடிதம் மட்டும் அவர் கண்ணில் படவே கூடாது.

பெரியப்பா, நடந்ததை அப்படியே சொல்கிறேன். நம் லாட்ஜுக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு இப்போதெல்லாம் மலை வேண்டாமாம், சந்துபொந்தில் மறைந்திருக்கும் சாமிதான் வேண்டுமாம். மேல்மாடியில் பூட்டியிருக்கிற அறை என்ன அறை என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். அது நம் குலதெய்வத்தின் ஆகம் அறை, தீட்சை வாங்கிய மூத்தவரைத் தவிர ஈ கூட எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொன்னால் ஆசை இன்னும் கூடுமே என்று பயந்து, "அங்க கிச்சகண்டிப் பேய் இருக்கு, கால் பின்பக்கமா திரும்பியிருக்கும், போனவன் திரும்ப மாட்டான்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பயந்து ஓடுவார்கள் என்று பார்த்தால், பேய் லாட்ஜ் இதுதானா என்று கேட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள்!

போன தசமிக்கு நீங்கள் பூஜை செய்ய உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, ஆனெக்கே என்கிற ஹாலந்துப் பெண் படிக்கட்டில் நின்று உறுமல் சத்தம் கேட்டதாக அலறினாள். நானும் போய்க் கேட்டேன். தெய்வமே கோபித்துக்கொண்டது, குதி என்கிற நம் குலச் சங்கத்திலிருந்து என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள், செத்தால் தூக்கக்கூட ஆள் வராது என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ராத்திரி அந்தப் படுபாவிப் பெண் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளேயே இறங்கிவிட்டாள்! காலையில் நான் வாசலில் உளுந்து பாரா சுட்டுக்கொண்டிருந்தபோது தலையெல்லாம் ஒட்டடையோடு வந்து, "அண்ணே, பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாமிக்குத் திரை போட்டிருக்கு, அதை நான் தொடலை. இந்தப் பக்கம் மெத்தை, அய்லாச் சாராயச் சாடி, சீட்டுக்கட்டு, அப்புறம் மயில் போட்ட பட்டுத் தலையணை. யாரோ நல்லாத் தூங்குறாங்க" என்றாள். சட்டுவம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

மயில் தலையணை என்றதும் என் மனைவி சானு மையா அடுப்படியிலிருந்து வந்தாள். பெரியம்மா தன் சீதனத் தலையணையை இவள்தான் திருடினாள் என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. "அப்ப தசமிக்குத் தசமி மாமா கண்ணு சிவந்து வெளிய வந்தது பக்தியில இல்லையா? திருடிப் பட்டம் எனக்கு, தூக்கம் அவருக்கா?" என்று கேட்டாள். பெரியப்பா, உங்களைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தேனே!

போகட்டும். ஓட்டை நான் மாற்றிவிடுகிறேன், பிராயச்சித்தத்துக்கு நீங்களே வழி சொல்லுங்கள். பெரியம்மாவிடம் நான் மூச்சு விட மாட்டேன், சானு மையாவையும் சத்தியம் வாங்கி அடக்கி வைத்திருக்கிறேன். குலதெய்வம் உங்கள் இரண்டு கண்களுக்கும் நல்ல பார்வை கொடுக்கட்டும்.

தங்கள் அடிமை,
தீர்த்தமான்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி இதை என்னிடம் கொடுத்தார், சானு மையா எழுதுகிறேன். மாமாவுக்குக் கண்ணில் கட்டு இருப்பதால் வருகிற கடிதங்களை எல்லாம் நீங்கள்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறீர்களாமே, அத்தை? ஆனெக்கே எடுத்துத் தந்த தலையணையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.